உப்புக்குக் கீழே

நிலவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கல்லைக் கையில் கொடுத்து, "ஒரு பக்கம் பாத்துட்டு பேர் சொல்லாதேடா, திருப்பிப் பாரு" என்பார் நம் பேராசிரியர். அந்தச் சொல்லின் அருமை எனக்கு விளங்க இருபது வருஷம் ஆயிற்று.

1990களின் தொடக்கத்தில், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் தேடும் பணியில் சேர்ந்தேன். கப்பலின் பின்னால் காற்றுத் துப்பாக்கி வெடிக்கும். அந்த ஒலி கடலடிப் பாறைகளில் பட்டுத் திரும்பும். கப்பல் இழுத்துச் செல்லும் பல கிலோமீட்டர் கேபிளில் உள்ள ஹைட்ரோபோன்கள் அதைப் பதிவு செய்யும். அதை வைத்துப் பூமிக்குப் படம் போடுவோம்.

அங்கே ஜுராசிக் காலத்து உப்பு, மேலே படிந்த வண்டலின் கனத்தால் பிதுங்கி எழுந்து, குடைபோல விரிந்து கிடக்கிறது. உப்பில் ஒலி விநாடிக்குச் சுமார் 4,500 மீட்டர் ஓடும்; சுற்றியுள்ள வண்டலில் வேகம் மிகக் குறைவு. அதனால் ஒலி வளைந்து சிதறி, உப்புக்குக் கீழே படம் ஒரே கலங்கல். "அங்கே ஒண்ணும் தெரியாது, விட்டுடு" என்பார்கள்.

1993இல் பிலிப்ஸ், அனடார்கோ, அமோகோ மூவரும் சேர்ந்து மஹோகனியில் உப்பைத் துளைத்து எண்ணெய் கண்டார்கள். வளைகுடாவில் உப்புக்கடியில் வணிக அளவில் கிடைத்த முதல் வெற்றி அதுதான். எங்களுக்கும் துணிச்சல் வந்தது. நான் வரைந்த உப்பின் அடிக்கோட்டை நம்பி ஒரு கிணறு தோண்டினார்கள். எண்ணெய் இல்லை. கோடு தப்பு. பல நாள் தூக்கம் போயிற்று.

காரணம் பின்னால் புரிந்தது. துப்பாக்கியும் கேபிளும் ஒரே கப்பலில், ஒரே திசையில். கல்லின் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தோம். 2004-05இல் பி.பி. நிறுவனம் மேட் டாக் வயலில் துப்பாக்கிக் கப்பல்களைக் கேபிள் கப்பலிலிருந்து பிரித்துத் தள்ளி ஓட்டி, பல கோணங்களில் ஒலியை வாங்கியது. 'வைடு அசிமத்' என்ற இந்த முறையில் கலங்கல் விலகிப் படுகைகள் தெரிந்தன. அடுத்து அட்லாண்டிஸ் வயலில் கடல் தரையிலேயே கருவிகளை வைத்தார்கள். 2017இல், புதிய கணக்கீட்டு முறையால் அதே வயலில் கூடுதலாக 20 கோடி பீப்பாய் தெரிய வந்ததாக பி.பி. அறிவித்தது.

தம்பி, தங்கைகளே! படம் கலங்கலாக இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடாதீர்கள். சார் சொன்னதுதான்: திருப்பிப் பாருங்கள்.