ஒரு பெரியவரும் 61 பெட்டிகளும்

ஆபீஸ்ல "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு மூடி வச்ச டிக்கெட்டை யாராவது திரும்பத் திறந்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். இது 1949-ல மூடின ஒரு டிக்கெட்டை விடாம நோண்டித் திறக்க வச்ச ஒரு பெரியவரோட கதை.

1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர். எல்லாரும் அரிசோனா கப்பலைப் பத்திதான் பேசுவாங்க. அதே வரிசையில நின்ன ஓக்லஹோமா, டார்பிடோ அடிவாங்கி சில நிமிஷத்துல கவிழ்ந்துடுச்சு. செத்தவங்க 429 பேர். கப்பலை நிமிர்த்தினது 1943-ல. அதுக்குள்ள மிச்சம் இருந்தது பெரும்பாலும் எலும்புதான், அதுவும் ஒருத்தரோடது இன்னொருத்தரோட கலந்துபோய்.

1947-ல அதையெல்லாம் தோண்டியெடுத்து, பல் வைத்தியர் ரெக்கார்டை வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. எல்லாம் சேர்த்து 35 பேருக்குத்தான் பேர் கிடைச்சது. 1949-ல மத்தவங்களை அடையாளம் காண முடியாதுன்னு முத்திரை குத்தி, ஹொனலூலுவுல பஞ்ச்பௌல்ங்கற அணைஞ்ச எரிமலை வாய்க்குள்ள இருக்கற கல்லறையில புதைச்சுட்டாங்க. 46 குழி, 61 பெட்டி. கல்லுல பேருக்குப் பதிலா 'அன்னோன்'.

இங்கதான் நம்ம ஹீரோ வர்றார். ரே எமரி. தாக்குதல் நடந்த அன்னிக்கு ஹொனலூலுங்கற கப்பல்ல மெஷின்கன் பிடிச்சு நின்னவர். ரிட்டயர் ஆனப்புறம் பழைய ராணுவ ஃபைல்களைக் கிளறி, எந்தக் குழியில யார் இருக்கலாம்னு தானே கணக்குப் போட ஆரம்பிச்சார். மேலிடத்துக்கு மனு மேல மனு. கடைசியில 2003-ல ஒரே ஒரு பெட்டியைத் திறந்தாங்க. உள்ள அஞ்சு பேர் இருப்பாங்கன்னு நினைச்சா, டிஎன்ஏ கிட்டத்தட்ட நூறு பேரைக் காட்டுச்சு!

இதைப் பார்த்ததும் வேலை வேகமா நடந்திருக்கும்னு நினைப்பீங்க. ம்ஹூம். புதைச்சவங்களை நிம்மதியா விடுங்கன்னு கடற்படையே முட்டுக்கட்டை போட்டுச்சு. அவங்க வாதத்தையும் ஒரேடியா தள்ள முடியாதுதான். ஆனா அந்தக் குழிக்குள்ள யாருமே முழுசா இல்லையே, அப்புறம் என்ன நிம்மதி? 2015-ல எல்லாத்தையும் தோண்டச் சொல்லி பென்டகன் உத்தரவு போட்டது.

சுமார் 13,000 எலும்புகள். நெப்ராஸ்காவுல ஒரு லேப்ல மேஜை மேஜையா பரப்பி வச்சாங்க. பழைய எலும்புல ஓரளவு தாக்குப்பிடிக்கறது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. அது அம்மா வழியா மட்டும் வர்றதால, மாலுமியோட அக்கா தங்கச்சி, அவங்க பிள்ளைங்க எச்சில் குடுத்தா போதும். சிக்கலும் அதுலயேதான். தாய்வழி ஒண்ணா இருக்கற ரெண்டு பேருக்கு அதுவும் ஒண்ணாத்தான் இருக்கும். ஓக்லஹோமாவுல விஸ்கான்சின்காரங்க மூணு பேர் கூடப்பிறந்த அண்ணன் தம்பிங்க! நம்ம பாஷையில சொன்னா, ப்ரைமரி கீயே டூப்ளிகேட். அதனால அப்பா வழி டிஎன்ஏ, பல், உயரம், வயசுன்னு எல்லாத்தையும் சேர்த்துதான் பொருத்தணும். அந்த மூணு பேரையும் அடையாளம் கண்டாச்சுன்னு 2021-ல அறிவிச்சாங்க. 80 வருஷம் கழிச்சு ஊருக்குப் போனாங்க. அவங்களைப் பெத்தவங்க அதைப் பார்க்க இல்லை.

2021 டிசம்பர் 7-ஆம் தேதி, பேர் கிடைக்காத 33 பேரை மட்டும் பஞ்ச்பௌல்லயே திரும்பப் புதைச்சாங்க. பாக்கி இருந்த 394-ல 361 பேருக்குப் பேர் கிடைச்சிருந்தது.

எமரி அதுவரைக்கும் இருக்கலை. 2018 ஜூன்ல ஹவாயை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி தன் கப்பல் நின்ன இடத்தை ஒருதடவை பார்க்கணும்னு போனார். ஏதோ கொஞ்ச பேர் இருப்பாங்கன்னு நினைச்சு போனவருக்கு, 500 மாலுமிகளுக்கு மேல வரிசையா நின்னு சல்யூட் வச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு, 97 வயசுல போய்ச் சேர்ந்தார்.