முள்கம்பிக்குள்ள ஒரு ஃபேர்வெல்

 

முதல்ல ஒரு சின்ன வேலை. உங்க பிளஸ் டூ ஆட்டோகிராஃப் நோட்டோ ஸ்லாம் புக்கோ வீட்டுப் பரண்ல கிடந்தா எடுத்துப் பாருங்க. "பத்து வருஷம் கழிச்சு நீ என்னவா இருப்பே?" அப்படின்னு ஒரு கேள்வி இருக்கும். அதுக்கு நல்லாப் படிக்கிற பொண்ணு "கலெக்டர்"னு எழுதியிருக்கும். கடைசி பெஞ்ச்காரன் "உன் கல்யாணப் பந்தியில ரசம் ஊத்திக்கிட்டு இருப்பேன்"னு எழுதியிருப்பான். நம்ம ஊர்ல இது நோட்டோட முடிஞ்சுடும். அமெரிக்காவுல இதையே ஒரு சடங்கு மாதிரி ஆக்கி, அச்சடிச்சு வெச்சிருக்காங்க.

அங்கே உயர்நிலைப் பள்ளியை முடிச்சுட்டுப் போற வகுப்பு ஒரு ஆண்டு மலர் போடும். அதுல ரெண்டு ஐட்டம் பல வருஷமா ரொம்பப் பிரபலம். ஒண்ணு, வகுப்பு உயில். சொத்து எழுதி வைக்கிற உயில் மாதிரியே சட்ட பாஷையில, ஜூனியர்களுக்கு எதை விட்டுட்டுப் போறோம்னு கேலியா எழுதுவாங்க. இன்னொண்ணு, வகுப்பு ஜோசியம். பத்து, இருபது வருஷம் கழிச்சு யார் என்ன ஆவாங்கன்னு கூட படிச்சவங்களே கணிச்சு எழுதுறது. வகுப்புலயே வாய் திறக்காத பையனை அரசியல்வாதியா ஆக்குறது, சமைக்கவே தெரியாத பொண்ணை ஓட்டல் முதலாளியா ஆக்குறது, இப்படி.

இந்த விளையாட்டை 1943லயும் 1944லயும் விளையாடின பசங்களைப் பத்தித்தான் இந்த எபிசோடு. அவங்க பள்ளிக்கூடத்தைச் சுத்தி முள்கம்பி இருந்தது. காவல் கோபுரத்துல துப்பாக்கியோட ராணுவம் நின்னுச்சு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1941 டிசம்பர் 7, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்குது. அடுத்த வருஷம் பிப்ரவரி 19ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ங்கிற உத்தரவுல கையெழுத்துப் போடறார். அதை வெச்சு, மேற்குக் கடற்கரையில இருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளி மக்களை வீட்டை விட்டுக் கிளப்பி, பாலைவனத்துலயும் சதுப்பு நிலத்துலயும் கட்டின பத்து முகாம்ல அடைச்சாங்க. விசாரணை கிடையாது, குற்றச்சாட்டும் கிடையாது. அதுல மூணுல ரெண்டு பங்கு பேர் அமெரிக்காவுலயே பிறந்த குடிமக்கள். மீதிப் பேர் ஜப்பான்ல இருந்து போய்க் குடியேறினவங்க. அவங்க எத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தாலும் குடியுரிமை கேட்க அந்தக் காலத்துச் சட்டம் இடம் கொடுக்கல. முதல்ல குடியுரிமை கொடுக்க மாட்டோம், அப்புறம் நீ அந்நியன்னு பிடிச்சு உள்ளே போடுவோம். லாஜிக் அவ்வளவுதான்.

கையில தூக்கிட்டு வர முடிஞ்சதை மட்டும் எடுத்துக்கலாம்னு உத்தரவு. கிளம்பச் சொன்னதுக்கும் கிளம்புறதுக்கும் நடுவுல நிறையப் பேருக்குக் கிடைச்சது சில நாள்தான். கடை, மீன்பிடிப் படகு, பியானோ, ஃபிரிட்ஜ் எல்லாம் வந்த விலைக்குப் போச்சு.

அந்தப் பத்துல ஒண்ணு மான்சனார். கலிபோர்னியாவுல, ஓவன்ஸ் பள்ளத்தாக்குல இருக்கு. 36 பிளாக்கா பிரிச்ச பலகையும் தார்ப்பேப்பரும் போட்ட கொட்டகைகள்ல உச்சத்துல 10,000 பேர் இருந்தாங்க. காத்தடிச்சா பலகை இடுக்கு வழியா மணல் உள்ளே வரும். சாப்பாட்டுக்கு க்யூ, குளிக்க க்யூ, துவைக்க க்யூ. பிளாக் 7ல உயர்நிலைப் பள்ளி. 1942ல அது ஆரம்பிச்சப்ப பெஞ்சே கிடையாது, பசங்க தரையில உட்கார்ந்து படிச்சாங்க. அந்த வருஷம் டிசம்பர் 6ஆம் தேதி ராத்திரி முகாம்ல பெரிய கலவரம். ராணுவம் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதுல ரெண்டு பேர் இறந்தாங்க. ஒருத்தருக்கு வயசு 17. பிளஸ் டூ வயசு.

அதே பள்ளிக்கூடம் 1944ல 'அவர் வேர்ல்ட்' அப்படின்னு ஒரு ஆண்டு மலர் போட்டுச்சு. 'நம்ம உலகம்'! மத்த முகாம்லயும் இப்படி மலர்கள் வந்தது. டோபாஸ்ல 'ராம்ப்ளிங்ஸ்', ஹார்ட் மவுன்டன்ல 'டெம்போ', டூலி லேக்ல 'அக்கீலா'. வெளியே இருக்கிற எந்த அமெரிக்கப் பள்ளி மலரையும் போலத்தான் இதுங்களும். வரிசையா சிரிச்ச முகங்கள், கிளப், டீம், நடன நிகழ்ச்சி, ஒருத்தரை ஒருத்தர் ஓட்டுறது. அட்டையை மறைச்சுட்டுக் கொடுத்தா முகாம்னு கண்டுபிடிக்க உங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்தப் படங்களை எடுத்தவர் கதை தனி எபிசோடுக்கே தாங்கும். டோயோ மியாட்டாகே, லாஸ் ஏஞ்சலீஸ்ல ஸ்டூடியோ வெச்சிருந்தவர். ஜப்பானியர்கள் கேமரா வெச்சிருக்கவே கூடாதுன்னு தடை. மனுஷன் ஒரு லென்ஸை மட்டும் ஒளிச்சு எடுத்துட்டு வந்து, முகாம்ல மரப்பெட்டி செஞ்சு அதுல மாட்டி ரகசியமாப் படம் எடுத்தார். அப்புறம் நிர்வாகமே அவரை அதிகாரப்பூர்வ ஃபோட்டோகிராஃபரா ஏத்துக்கிச்சு. ஆனா முதல்ல ஒரு கண்டிஷன். ஃப்ரேம் வைக்கலாம், ஃபோகஸ் பண்ணலாம், பட்டனை மட்டும் ஒரு வெள்ளைக்காரர்தான் அழுத்தணும். கோட் எழுதுறது நான், என்டர் தட்ட மட்டும் வேற ஆள் வரணும்ங்கிற மாதிரி. பள்ளி மலருக்காக அவர் எடுத்த படங்கள்ல ஒண்ணு இன்னைக்கும் ரொம்பப் பிரபலம். பின்னாடி காவல் கோபுரம், முன்னாடி முள்கம்பியை வெட்டப் போற கட்டிங் பிளையரோட ஒரு கை.

இப்ப அந்த உயிலை யோசிங்க. அப்பா அம்மாவோட நிஜச் சொத்து போயிடுச்சு. வீடு யார்கிட்டயோ. இந்த நிலைமையில 17 வயசுப் பசங்க "நல்ல புத்தியோடும் திடமான மனசோடும் எழுதி வைக்கிறது என்னன்னா"ன்னு ஆரம்பிக்கிறதுக்கு ஒரு தனி தைரியம் வேணும். மாதிரிக்கு நானே ஒண்ணு எழுதிப் பார்த்தேன்: "மெஸ் க்யூவில் நான் மூணு வருஷம் கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச என் இடத்தை, எப்பவும் லேட்டா வர்ற தம்பிக்கு விட்டுச் செல்கிறேன். மணலை மட்டும் எல்லாரும் சமமாப் பிரிச்சுக்கவும்." எழுதும்போது சிரிப்பு வந்துச்சு. முடிச்சதும் வரல.

ஜோசியம் இன்னும் சிக்கலான விஷயம். போருக்கு முன்னாடியே இவங்க அண்ணன்களும் அக்காக்களும் காலேஜ் முடிச்சுட்டு, இனப் பாகுபாட்டால வேலை கிடைக்காம காய்கறி, பழக் கடையில நின்னவங்க. முகாமுக்குள்ள ஒரு டாக்டருக்கே மாசச் சம்பளம் 19 டாலர்தான், அதுதான் உச்ச வரம்பு. அப்படிப்பட்ட இடத்துல உட்கார்ந்துக்கிட்டு "இவன் பெரிய பத்திரிகை முதலாளி, அவ ஹாலிவுட்ல"ன்னு எழுதுறது வெறும் ஜோக் இல்ல. எங்களுக்கு 1954ன்னு ஒரு வருஷம் உண்டு, அதுல நாங்க வெளியே இருப்போம்னு எழுத்துல போடறாங்க. உருக்கமா எழுதியிருந்தா அது மனு ஆகியிருக்கும். கேலியா எழுதினதால உரிமையா நிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

ஏன்னா அரசாங்கமும் அதே பசங்ககிட்ட எதிர்காலத்தைப் பத்தி ஒரு ஃபார்ம் கொடுத்துச்சு. 1943 பிப்ரவரியில 17 வயசு முடிஞ்ச எல்லாரும் நிரப்ப வேண்டிய கேள்வித்தாள். ஆண்களுக்கான 27ஆம் கேள்வி, எங்கே அனுப்பினாலும் அமெரிக்க ராணுவத்துல சண்டை போடுவியா? 28ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் சொல்லி, ஜப்பான் சக்ரவர்த்திக்கு விசுவாசத்தைக் கைவிடுவியா? பிறந்ததுல இருந்து அந்தச் சக்ரவர்த்தியோட எந்தச் சம்பந்தமும் இல்லாதவன் எதைக் கைவிடுறது? 'இல்லை'ன்னு எழுதினவங்களைப் பிரிச்சு டூலி லேக் முகாமுக்கு அனுப்பினாங்க. 1944 ஜனவரியில இவங்களுக்கும் கட்டாய ராணுவ சேவை வந்துச்சு. அதாவது முள்கம்பிக்குள்ளயே டிப்ளமா, முள்கம்பிக்குள்ளயே ராணுவ அழைப்பு. நிறையப் பேர் போனாங்க. ஹார்ட் மவுன்டன்ல "முதல்ல எங்க குடும்பத்தை வெளியே விடுங்க"ன்னு மறுத்த 63 இளைஞர்களுக்கு ஜெயில் கிடைச்சது. 1947ல ட்ரூமன் மன்னிப்புக் கொடுத்தார்.

இதுக்கு நடுவுல மான்சனார் 1944 வகுப்புக்குத் தலைவரா யார் ஜெயிச்சார் தெரியுமா? ரால்ஃப் லாசோ. ஜப்பானியர் இல்ல, மெக்சிகோ-ஐரிஷ் வம்சாவளி. லாஸ் ஏஞ்சலீஸ் பெல்மான்ட் பள்ளியில கூடப் படிச்ச ஃபிரெண்ட்ஸை ரயில் ஏத்துறாங்கன்னதும் 1942ல தானும் ஏறிப் போனவர். வீட்டுல "கேம்ப்புக்குப் போறேன்"னு மட்டும் சொல்லியிருக்கார். பொய் இல்லையே! வாழ்க்கைத்துணையா வந்தவங்களைத் தவிர்த்து, ஜப்பானிய வம்சாவளி இல்லாம தானா முகாமுக்குப் போனதா தெரியுற ஒரே ஆள் அவர்தான். இந்த வகுப்போட நகைச்சுவை உணர்வுக்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். படிப்பு முடிச்சதும் ராணுவத்துல சேர்ந்து, பிலிப்பைன்ஸ்ல சண்டை போட்டு, பிரான்ஸ் ஸ்டார் வாங்கினார்.

சரி, இதை எதுக்கு வல்லக்கோட்டையில உட்கார்ந்து பேசுறேன்? எங்க ஊர் முருகன் கோயில்ல இருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஜப்பான் பேர்தான். ஒரகடத்துல கொமாட்சு, வல்லம் வடகால்ல யமஹா. ஜப்பானிய எழுத்துல போர்டு வெச்ச ஓட்டல் எங்களுக்கு இப்ப சாதாரணம்.

1942 ஏப்ரல்ல இதே வட்டாரத்துல ஜப்பான்ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் வேற. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9 திருகோணமலைன்னு வரிசையாக் குண்டு விழுந்ததும் மெட்ராஸ் காலியாச்சு. அவசியம் இல்லாதவங்க நகரத்தை விட்டுப் போகலாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. லட்சக்கணக்குல மக்கள் ரயிலும் மாட்டு வண்டியுமா உள்ளூர்ப் பக்கம் ஓடினாங்க. பள்ளிக்கூடம் மூடியாச்சு. மிருகக்காட்சி சாலையில புலி, சிங்கத்தைச் சுட்டே கொன்னாங்க, குண்டு விழுந்து தப்பிச்சிடும்னு. மெட்ராஸ் இப்படிக் காலியான அதே வாரங்கள்லதான் லாஸ் ஏஞ்சலீஸ் பசங்களை மான்சனாருக்கு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. நம்ம பயமாவது வானத்துல நிஜமா வந்த விமானத்தைப் பார்த்து வந்தது. அங்கே பயம் பக்கத்து பெஞ்ச் பையனைப் பார்த்து.

"அமெரிக்காக்காரன் அப்படித்தான்"னு ஒதுங்கவும் முடியாது. மலேயா, சிங்கப்பூர்ல பிடிச்ச ஜப்பானியக் குடும்பங்களை பிரிட்டிஷ் அரசு டெல்லி புராணா கிலாவுல கூடாரம் போட்டு அடைச்சது, பிறகு ராஜஸ்தான் தேவ்லிக்கு மாத்திச்சு. அது பிரிட்டிஷ் கணக்கு. ஆனா 1962 சீனப் போர் வந்ததும், அசாம், மேகாலயா, டார்ஜிலிங் பக்கம் தலைமுறையா வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரைக் குழந்தை குட்டியோட அதே தேவ்லிக்கு அனுப்பினது சுதந்திர இந்தியா. கடைசியாப் போனவங்க வெளியே வர 1967 ஆச்சு. அமெரிக்கா 1988ல சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டுச்சு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்துச்சு. அந்த நஷ்டஈட்டுப் போராட்டத்துக்கு நம்ம ரால்ஃப் லாசோவும் பணம் போட்டிருக்கார். தேவ்லிக்கு அப்படி எதுவும் இன்னும் நடக்கல.

மான்சனார் பசங்க கதையை முடிச்சுடறேன். சிலர் முன்னாடியே வெளியே போனாங்க. க்வேக்கர்கள் முன்னின்று அமைச்ச ஒரு மாணவர் கவுன்சில் வழியா எல்லா முகாம்ல இருந்தும் சுமார் 4,000 பேர் உள்நாட்டுக் கல்லூரிகளுக்குப் போனாங்க. மத்தவங்க காத்திருந்தாங்க. 1945 நவம்பர் 21ல முகாம் மூடினப்ப, வெளியே போறவங்களுக்குக் கையில 25 டாலரும் ஒரு டிக்கெட்டும் கிடைச்சது.

கொட்டகைகளை ஏலம் விட்டுப் பிரிச்சாச்சு. கைதிகளே 1944ல கட்டின பள்ளி ஆடிட்டோரியம் தப்பிச்சது. அது பல வருஷம் கவுன்ட்டியோட வண்டி ரிப்பேர் ஷெட்டா ஓடிச்சு. 2004ல இருந்து அதுதான் மான்சனார் நினைவிடத்தோட வரவேற்பு மையம், உள்ளே போனா முகாம்ல இருந்த அத்தனை பேரோட பேரும் எழுதின பெரிய திரை தொங்குது. 1944 வகுப்போட பேரும் அதுல இருக்கு.