263 மீட்டர் போர்க்கப்பல்... உங்க ஸ்டடி டேபிள்ல!

மொபைலைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, கைக்கு வேலை கொடுக்கணுமா? ஸ்கேல் மாடல் கிட் ட்ரை பண்ணுங்க. கப்பல் மாடல் பிரியர்கள் பலருக்கும் கனவுக் கப்பல், ஜப்பானின் ‘யமாட்டோ’.

எந்தக் கப்பல் இது?

1941 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 263 மீட்டர். முழுச் சுமையோடு சுமார் 72,000 டன். 46 செ.மீ. குண்டுகளைச் சுடும் 9 பீரங்கிகள், பக்கவாட்டில் 41 செ.மீ. தடிமனில் எஃகுக் கவசம். கூரே நகரில் ரகசியமாகக் கட்டப்பட்ட கப்பல் என்பதால் போட்டோக்களே குறைவு. இன்று அந்த நகர மியூசியத்தில் இருப்பதும் 26.3 மீட்டர் மாடல்தான். அதாவது, பத்தில் ஒரு பங்கு.

எந்த சைஸ் வாங்கலாம்?

1/700 என்றால் நிஜத்தைவிட 700 மடங்கு சின்னது. நீளம் சுமார் 37.5 செ.மீ. முதல்முறை செய்பவர்களுக்கு இதுவே போதும். 1/350-ல் 75 செ.மீ. வரும், முதல்ல டேபிளை அளந்துக்கோங்க! டமியா நிறுவனம் 1/350 யமாட்டோவை 1978-ல் வெளியிட்டு, 2011-ல் முற்றிலும் புதிதாகச் செய்தது. பழையதா, புதியதா எனப் பார்த்து வாங்குங்க.

கட்டும்போது கவனிங்க

* பாகங்களைச் சட்டத்திலிருந்து கையால் முறுக்கி எடுக்காதீங்க. நிப்பரால் வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேயுங்க.
* ஒட்டும் முன் பசையில்லாமல் பொருத்திப் பாருங்க.
* மரத்தளத்துக்கு முதலில் பெயின்ட். சாம்பல் நிறக் கோபுரங்களைப் பிறகு ஒட்டுங்க.
* மாடல் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டும். துளி போதும். ஜன்னலைத் திறந்து வையுங்க.

முடிச்ச பிறகு...

1/700-ல் அந்த 41 செ.மீ. கவசம் வெறும் 0.6 மி.மீ. ஒரு மனிதர் 2.4 மி.மீ.; அரிசியில் பாதிகூட இல்லை. 1945 ஏப்ரல் 7-ல் ஒகினாவாவுக்குப் போகும் வழியில், அமெரிக்க விமானங்களின் தாக்குதலில் யமாட்டோ மூழ்கியது. பலியானவர்கள் சுமார் 3,000 பேர். பிழைத்தவர்கள் 300-க்கும் குறைவு. அவ்வளவு கனமான இரும்பும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஷெல்ஃபில் வைக்கும்போது அந்த அரை அரிசி மனிதர்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!