காலபோகத்தின் ஈர இரவுகள்: வன்னி நெல்வயல்களில் எரிபந்தமும் காலநிலை மாற்றமும்

புவி வெப்பமடைந்தால் பயிர்நோய்கள் பெருகும் என்பது இன்று எதிர்க்கேள்வியின்றி ஏற்கப்படும் கூற்று. வன்னியின் நெல்வயல்களைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. எரிபந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பது ஆண்டுச் சராசரி வெப்பநிலையன்று. பயிரின் எந்தப் பருவத்தில், எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில் இலை நனைந்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. காலநிலை மாற்றம் வன்னியில் முதலில் குலைப்பது ஈரத்துக்கும் பயிர்ப்பருவத்துக்கும் இடையிலான இந்த ஒழுங்கையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

எரிபந்தத்தை உண்டாக்கும் பங்கசு மக்னபோர்த்தே ஒரைசே. மூன்று கலங்கள் கொண்ட அதன் வித்தி காற்றில் வந்து இலையில் ஒட்டியதும் முளைத்து, நுனியில் சிறு குமிழொன்றை அமைக்கிறது. கருநிறமி படிந்த சுவருடைய அக்குமிழினுள் கிளிசரோல் திரண்டு நீரை இழுக்க, அழுத்தம் 8 மெகாபசுக்கால் வரை ஏறுகிறது. இது மோட்டார் வாகனச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. அந்த விசையே இலைத்தோலைத் துளைக்கிறது. இவ்வளவும் நடந்துமுடிய இலைமேல் நீர்ப்படலம் அறாமல் இருக்கவேண்டும். 25 முதல் 28 பாகை செல்சியசில் பத்து மணி நேரமளவு ஈரம் போதும். அதிலும் குளிர்ந்தால் கூடிய நேரம் தேவை. தொற்றி ஐந்தாறு நாளில் கண்வடிவப் புள்ளிகள் தோன்றி, அவற்றிலிருந்து இரவுதோறும் புதிய வித்திகள் கிளம்பும். இலையில் வந்த நோயிலிருந்து பயிர் பெரும்பாலும் தேறிவிடும். கதிரின் கழுத்தில் வந்தால் மணி பால்பிடிக்காமல் பதராகும்; அதன்பின் தெளிக்கும் மருந்து வீண்செலவு.

1990களில் ஆசிய நெல்வயல்களுக்கென உருவாக்கப்பட்ட கணினி மாதிரிகள், வெப்பம் கூடினால் யப்பான் போன்ற குளிர்ந்த பகுதிகளில் எரிபந்தம் மிகும் என்றும், பிலிப்பைன்சு போன்ற ஈரலிப்பான வெப்பவலயத்தில் குறையும் என்றும் காட்டின. இலங்கை வெப்பவலயத்தில் இருப்பதால் நமக்கு ஆறுதல் என்று இதை வாசிப்பது பெருந்தவறு. சிறுபோகத்துக்கு அது பொருந்தலாம். கச்சான் காற்றும் 33 பாகையைத் தாண்டும் பகல்வெயிலும் இலையை விரைவாகக் காயவைத்துவிடும். ஆனால் வன்னியின் முதன்மைச் செய்கை காலபோகம். மார்கழி, தை மாதங்களில் இங்கே இரவு வெப்பநிலை 21 முதல் 23 பாகை அளவில் இருக்கிறது. பங்கசு விரும்பும் வெப்பநிலைக்கு இது கீழே. ஆகவே இரவு ஓரிரு பாகை சூடேறினால் பங்கசுக்கு வசதி கூடுமேயன்றிக் குறையாது. குறைந்த நேரப் பனியும் தொற்றுக்குப் போதுமானதாகும். வெப்பவலயம் முழுமைக்குமான சராசரி முடிவை இந்தப் பருவத்தின்மேல் ஏற்றிவைக்க முடியாது.

மழையின் ஒழுங்கின்மை இதைவிடப் பெரிய சிக்கல். மானாவாரி நிலங்களில் புழுதி விதைப்பு புரட்டாதி, ஐப்பசி மழையை நம்பி நடக்கிறது. மழை பிந்தினால் விதைப்பும் பிந்தி, கதிர் வெளிவருவது தைப்பனி கொட்டும் நாட்களுக்குத் தள்ளிப்போகிறது. மழை ஒரேயடியாகக் கொட்டினால் அழிந்த வயல்களில் மறுவிதைப்பு நடக்கிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளம், 2020 டிசம்பர் 2ஆம் திகதி கரைகடந்த புரேவிப் புயல், 2024 நவம்பர் வெள்ளம் ஆகியவை நெற்பயிர் நிலத்தில் நிற்கும் காலத்திலேயே வந்தன. மறுவிதைப்பின் விளைவாக, மட்டம் வெடிக்கும் பயிரும் குடலைப்பருவப் பயிரும் ஒரே வெளியில் அருகருகே நிற்கின்றன. முந்தியதன் இலைப்புள்ளி பிந்தியதற்கு வித்தி வழங்குகிறது. வெள்ளநீர் மற்றொரு நோய்க்கும் துணைபோகிறது: இலைமடல் வெளிறல் நோயைத் தரும் ரைசொக்டோனியாவின் கடினமான உறங்குமணிகள் நீரில் மிதந்து வயல்விட்டு வயல் செல்லும்.

வறட்சியும் பங்கசுக்கு எதிரியல்ல. நீர் தேங்காத மண்ணில் நெல் உறிஞ்சும் சிலிக்கன் குறைகிறது. சிலிக்கன் குறைந்த இலையைத் துளைப்பது எளிது. விதைத்தபின் மூன்று கிழமை காய்ந்து, பிறகு மேகமூட்டமும் தூறலுமாகத் தொடரும் போகமே மிக ஆபத்தானது. காபனீரொட்சைட்டின் பங்கும் இதில் சேர்கிறது. வட யப்பானின் சிசுகுயிசியில், திறந்த வயலில் அவ்வாயுவைக் கூட்டி நடத்திய பரிசோதனையில் நெல்லின் இலையெரிபந்தம் மிகுந்தது, இலைச் சிலிக்கன் குறைந்தது. இத்துடன், பிந்திக் கிடைத்த யூரியாவைத் தவணை பிரிக்காமல் ஒரேயடியாக எறியும் வழக்கத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். மிகை நைதரசன் எரிபந்தத்தை வளர்க்கும். 2021இன் இரசாயனப் பசளை இறக்குமதித் தடைக்குப் பிறகு பசளை எப்போது கிடைக்கும் என்ற உறுதியே கமக்காரரிடம் இல்லாமற் போனது. காலநிலை தனியே நோயைக் கொண்டுவருவதில்லை. கொள்கைத் தவறுகளின் தோளில் ஏறியே வருகிறது.

எதிர்ப்புள்ள இனங்களே போதும் என்போர் உண்டு. பத்தலகொடையில் உருவாகி 1958இல் வெளியான எச்-4 எரிபந்தத்தைத் தாங்கி நாட்டுக்கு உதவியது உண்மை. ஆயினும் இப்பங்கசின் புதிய வகைகள் எதிர்ப்பை முறிப்பது உலகெங்கும் கண்ட அனுபவம். இனத்தோடு விதைப்பு நாளும் சரியாக அமையவேண்டும்.

நமக்கு இல்லாதது வயலுக்குள் எடுத்த அளவீடு. வானிலை நிலையத்தின் அளவுப்பெட்டி திறந்த வெளியின் காற்றை அளக்கிறது. நெருங்கி வளர்ந்த பயிருக்குள் விடியலில் இலை எப்போது காய்கிறது என்பதை அது சொல்லாது. இலையீர உணரிகள் விலையில் எட்டாதவையல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கிறது. இரணைமடுவின் கீழ்ப்பகுதி, முத்தையன்கட்டு, பாவற்குளம், ஒரு மானாவாரி வெளி என நான்கு இடங்களில் உணரிகளை நட்டு, இரவு வெப்பத்தையும் ஈரநேரத்தையும் போகந்தோறும் பதியலாம். அந்தப் பதிவு பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் மேசைக்கு வரவேண்டும். விதைப்பு நாளை வாய்க்கால் வாரியாக நெருக்கி அமைக்கும் முடிவும், கதிர் தலைகாட்டும் கிழமையில் பங்கசுநாசினி தேவையா என்ற விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையும் அதிலிருந்தே பிறக்கவேண்டும். நாட்காட்டி பார்த்து மருந்தடிக்கும் கமக்காரர் ஈரமில்லாத ஆண்டில் பணத்தை இழக்கிறார். ஈரம் முந்திவந்த ஆண்டில் விளைச்சலை இழக்கிறார்.