சுயவிலாசமிட்ட உறையும் நல்ல இருக்கையும்

போன வருடம் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் வாங்க உட்கார்ந்தேன். அரை நூற்றாண்டாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ராக் குழு ஒன்று. காலை பத்து மணிக்கு விற்பனை ஆரம்பம். ஒன்பதே முக்காலுக்கே லேப்டாப், போன் இரண்டையும் திறந்து வைத்துத் தயாராக இருந்தேன். பத்து அடித்ததும் திரையில் ஒரு செய்தி: உங்களுக்கு முன்னால் வரிசையில் 31,000 பேர். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். மிச்சம் இருந்தது மேடைக்குப் பக்கவாட்டில், கூரையை ஒட்டிய இருக்கைகள். அதே நேரத்தில் மறுவிற்பனைத் தளங்களில் முன்வரிசை இருக்கைகள் நாலு மடங்கு விலையில் ஜோராகத் தொங்கிக்கொண்டிருந்தன.

எரிச்சலோடு எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வந்தது. காரணம், இந்த மாதிரி ஆன்லைன் வரிசை ஒன்றை எழுதியவன் நான். டிக்கெட்டுக்கு அல்ல, ஒரு தள்ளுபடி விற்பனைக்கு. "முதலில் வருபவருக்கு முதலில், இதைவிட நியாயமான முறை கிடையாது" என்று மீட்டிங்கில் அடித்துப் பேசியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கலிஃபோர்னியா அலுவலகத்தில் இருந்த வயதான சக ஊழியர் ஒருவர் மட்டும் சிரித்தார். "வேகமா ஓடறவனுக்குத்தான் அது நியாயம். எங்க காலத்துல டெட் டிக்கெட் எப்படிக் கொடுத்தாங்கன்னு தேடிப் படி, அப்புறம் பேசலாம்" என்ற பொருளில் ஏதோ சொன்னார்.

அன்றைக்குப் படிக்கவில்லை. கூரை இருக்கை கிடைத்த பிறகுதான் படித்தேன்.

யார் இந்த டெட்?

கிரேட்ஃபுல் டெட், 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கிய குழு. 1995இல் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை 30 வருடங்களில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். நான் இவர்களிடம் போய்ச் சேர்ந்த வழி நம்மூர் வழிதான். கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் வாசித்த 'பிளானட் டிரம்' என்ற 1991 ஆல்பத்தைக் கேட்டு, அதைத் தயாரித்த மிக்கி ஹார்ட் யார் என்று தேடினேன். கிரேட்ஃபுல் டெட்டின் டிரம்மர் என்று தெரிந்தது. 'உலக இசை' என்று தனிப் பிரிவு வைத்துக் கொடுத்த முதல் கிராமி அந்த ஆல்பத்துக்குத்தான்.

ஒரு குழுவின் கச்சேரியை ஒரு தடவை கேட்டால் போதாதா, ஏன் ஊர் ஊராகப் பின்னாலேயே போகணும்? டெட் விஷயத்தில் இதற்குப் பதில் எளிது. இன்றைக்கு வாசித்ததை நாளைக்கு வாசிக்க மாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் கையிருப்பில். எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் மேடையில்தான் முடிவாகும். கல்பனா ஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புரியும். அதனால்தான் டெட்ஹெட் என்று பெயர் பெற்ற ரசிகர்கள் பழைய வேன்களில் கூடவே பயணம் செய்தார்கள். எந்த இரவில் எந்தப் பாட்டு என்று தொகுத்து, டெட்பேஸ் என்று ஒரு தடிமனான புத்தகமே 1987இல் வந்துவிட்டது. ரசிகர்கள் கணினியில் தொகுத்த தரவுத்தளம், பெயரிலேயே அது இருக்கிறது.

எது நல்ல இருக்கை?

முன்வரிசைதான் நல்ல இருக்கை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய அரங்கில் பிரதான ஒலிபெருக்கிகள் மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கும். அவற்றின் ஒலி முன்வரிசையின் தலைக்கு மேலே தாண்டிப் போகும். முன்னால் இருப்பவருக்கு மேடை விளிம்பில் வைத்த சின்னப் பெட்டிகளின் சத்தமும், டிரம்மின் நேரடிச் சத்தமும்தான் அதிகம். பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஒரு பக்க ஒலிபெருக்கி மட்டும் காதைப் பிளக்கும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. மைதானத்தில் 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்குப் பாடகரின் உதடு அசைந்து கால் விநாடிக்கும் மேல் கழித்துத்தான் குரல் வந்து சேரும்.

டெட் குழு இந்தப் பிரச்சினையை டிக்கெட் விலையில் தீர்க்கப் பார்க்கவில்லை, பொறியியலில் தீர்க்கப் பார்த்தது. 1974இல் ஒலிச் சுவர் என்று பெயர் பெற்ற அமைப்பைக் கட்டினார்கள். ஔஸ்லி ஸ்டான்லியும் அவருடைய கூட்டாளிகளும் வடிவமைத்தது. சுமார் 600 ஒலிபெருக்கிகள், ஏறத்தாழ 75 டன் எடை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி அடுக்கு. எல்லாம் கலைஞர்களுக்குப் பின்னால் நிற்கும், அதனால் சபை கேட்பதையே அவர்களும் கேட்பார்கள். பின்னாலிருந்து வரும் சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிடாதா? அதற்கு ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இணைத்தவை. இரண்டிலும் சமமாக விழும் சத்தம் கழிந்துவிடும், ஒரு மைக்கில் வாய் வைத்துப் பாடும் குரல் மட்டும் மிஞ்சும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் நல்ல இருக்கை கிடைக்கணும் என்பதுதான் நோக்கம். செலவு தாங்கவில்லை. அதே வருடம் அக்டோபரில் சுவரைக் கழற்றிவிட்டு, குழுவும் நெடிய ஓய்வுக்குப் போனது.

நல்ல இருக்கை எங்கே என்று ரசிகர்களிலேயே துல்லியமாகத் தெரிந்தவர்கள் டேப்பர்கள், அதாவது கச்சேரியைச் சொந்தமாகப் பதிவு செய்பவர்கள். குழு அதைத் தடுக்கவில்லை. அவர்கள் குவிந்த இடம், ஒலிக் கலவை மேசைக்குச் சற்று முன்னால், நடுவில். ஒலிப் பொறியாளர் தன் காதுக்கு ஏற்றபடிதானே கலப்பார்? அவர் பக்கத்தில் இருந்தால் அவர் கேட்பது நமக்கும் கேட்கும். ஆனால் நீளமான கம்பங்களில் ஏற்றிய மைக்குகள் காடு மாதிரி நின்று பின்னால் இருப்பவர்களுக்கு மேடையை மறைத்தன. அதற்காக 1984 அக்டோபரில், பெர்க்லியில் நடந்த கச்சேரிகளில் டேப்பர்களுக்கென்று கலவை மேசைக்குப் பின்னால் தனிப் பகுதியும் தனி டிக்கெட்டும் வைத்தார்கள். யாரையும் விரட்டவில்லை, இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான். இன்று இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கான டெட் கச்சேரிகளை நாம் கேட்க முடிகிறதென்றால் அந்தக் கம்பக் காடும் ஒரு காரணம்.

தபாலில் வந்த டிக்கெட்

இப்போது நான் தேடிப் போன விஷயத்துக்கு வருகிறேன்.

1971இல் வந்த இரட்டை ஆல்பத்தின் உறைக்குள் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள் இருந்தது: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், பெயரும் முகவரியும் எழுதி அனுப்புங்கள். கடிதங்கள் குவிந்தன, முகவரிப் பட்டியல் வளர்ந்தது. ஓய்வு முடிந்து 1976இல் சின்ன அரங்குகளில் மறுபடி வாசிக்க வந்தபோது அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தபால் மூலம் டிக்கெட் விற்றார்கள். 1983இல் இதற்கென்றே ஒரு சொந்த அலுவலகம் தொடங்கினார்கள். முதல் விற்பனை சான் ஃபிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் மார்ச் மாதக் கச்சேரிகளுக்கு.

நடைமுறை இப்படி. ஒரு தொலைபேசி எண்ணைச் சுழற்றினால், பதிவு செய்த குரல் தேதிகளையும் விதிகளையும் வாசிக்கும். நீங்கள் செய்யவேண்டியவை:

- மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் பெயர், முகவரி, எந்த இரவு, எத்தனை டிக்கெட் என்று எழுதணும்.
- சரியான தொகைக்கு மணி ஆர்டர் வைக்கணும். சாதாரண செக் செல்லாது.
- தபால் தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை ஒன்றை உள்ளே வைக்கணும்.
- அறிவித்த தேதிக்கு முன்னால் தபால் முத்திரை விழுந்திருக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் நம் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியவர்களுக்குச் சுயவிலாசமிட்ட உறையின் அருமை தெரியும்!

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம். இந்த நாலு விதியும் நாலு பொறியியல் முடிவுகள். அட்டையின் அளவு, உள்ளீட்டைச் சரிபார்க்கும் முறை. தப்பாக அனுப்பினால் திரும்பிவிடும். மணி ஆர்டர் என்றால் பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, திரும்பி வராது. உறையில் நீங்களே முகவரி எழுதிவிட்டதால் அலுவலகத்தில் யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தேவையில்லை, வேலை லட்சம் கைகளுக்குப் பிரிந்துவிட்டது. நாலாவதுதான் முக்கியம். தபால் முத்திரை ஒரு நாளைக் காட்டும், நிமிஷத்தைக் காட்டாது. காலை எட்டு மணிக்குப் போட்டவரும் மாலை நாலு மணிக்கு வேலை முடித்து வந்து போட்டவரும் சமம். ஒரு நாள் முழுக்க ஒரே கணம்!

நான் எழுதிய வரிசையில் மில்லி விநாடி வித்தியாசத்துக்கு மதிப்பு இருந்தது. அந்த வித்தியாசத்தை மனிதனால் ஜெயிக்க முடியாது, நிரல்தான் ஜெயிக்கும். இங்கே ஜெயிக்க வேண்டியது தபால் ஆபீஸ் வரிசையை மட்டும். ஆயிரம் டிக்கெட் பதுக்க நினைப்பவன் அட்டை எழுதி, மணி ஆர்டர் வாங்கி, உறை ஒட்டியே கை வீங்கிப்போவான். ஒரு ரசிகனுக்கு அரை மணி நேர வேலை, தரகனுக்கு அரை வருட வேலை.

ரசிகர்கள் அந்த அரை மணியோடும் நிற்கவில்லை. உறை முழுக்க ரோஜா, மண்டையோடு, நடனமாடும் கரடி என்று வரைந்து அனுப்பினார்கள். வரைந்தால் டிக்கெட் நிச்சயம் என்று விதி ஒன்றும் கிடையாது, ஆனாலும் வரைந்தார்கள். அந்த உறைகள் இன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் உள்ள டெட் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. டிக்கெட் விண்ணப்பத்தை ஆவணக் காப்பகத்தில் வைத்துப் பார்க்கும்படி செய்த கூட்டம் வேறு எது?

உடைந்த வேலி

இதைப் பொற்காலம் என்று முடித்துவிட்டால் பொய்யாகிவிடும். 1987இல் 'டச் ஆஃப் கிரே' என்ற பாட்டு பில்போர்ட் பட்டியலில் 9ஆம் இடத்துக்கு ஏறியது. 22 வருடக் குழுவுக்கு அதுதான் முதல் பெரிய ஹிட். கூட்டம் பெருத்தது. டிக்கெட் இல்லாமலேயே வாகன நிறுத்தத்தில் வாழ ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 1989இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் குழு தன் பெயரையே மறைத்து, 'முன்னாள் வார்லாக்ஸ்' என்று ஆரம்ப காலப் பெயரைப் போட்டு, உள்ளூரில் மட்டும் டிக்கெட் விற்று வாசித்தது.

1995 ஜூலை 2ஆம் தேதி, இண்டியானாவின் டீர் க்ரீக் அரங்கில், டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியை உடைத்து உள்ளே புகுந்தது. மறுநாள் கச்சேரி ரத்து. டிக்கெட் இல்லாதவர்கள் தயவுசெய்து வராதீர்கள் என்று குழு கடிதம் எழுதிக் கெஞ்சவேண்டி வந்தது. ஜூலை 9, சிகாகோவில் கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9, கார்சியா மரணம்.

எனக்கு இதில் தோன்றுவது இதுதான்: எந்த முறையும் இருக்கைகளைப் பெருக்காது, பிரித்துக் கொடுக்கத்தான் செய்யும். கிடைக்காதவன் "சரி, அடுத்த தடவை" என்று ஏற்றுக்கொள்ளும்வரைதான் அது உயிரோடு இருக்கும். தபால் முறையில் தோற்றவர்கள் நெடுநாள் அப்படி ஏற்றுக்கொண்டார்கள். வேலியை உடைத்த கூட்டம் அந்த உடன்பாட்டுக்குள் வராத கூட்டம்.

2015இல் 50ஆம் ஆண்டு விழாவாக, மிஞ்சிய உறுப்பினர்கள் சிகாகோவில் மூன்று இரவுகள் வாசித்தபோது தபால் முறை திரும்பி வந்தது. 60,000க்கும் மேற்பட்ட உறைகள் வந்து குவிந்தன. இணையம் வந்து 20 வருடம் ஆன பிறகும் அத்தனை பேர் அட்டை வெட்டி, உறை வரைந்திருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய நிலைமை வேறு. 2022இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிகளில், தேவைக்கேற்ப விலை ஏறும் முறையில் சில இருக்கைகள் 4,000 டாலரைத் தாண்டின. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை, லைவ் நேஷன், டிக்கெட்மாஸ்டர் மீது ஏகபோக வழக்கு போட்டது. வழக்கு எப்படிப் போனாலும், வேகத்தையும் பணத்தையும் விட்டால் வேறு அளவுகோலே இல்லை என்று இனி யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன்.

அந்தச் சக ஊழியரிடம் இதையெல்லாம் சொன்னேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தன் கையெழுத்திலேயே தனக்கு வந்த உறையைத் தபால் பெட்டியில் பார்த்ததும் முதலில் தடவிப் பார்ப்பாராம். தடிமனாக இருந்தால் டிக்கெட். மெலிதாக இருந்தால் மணி ஆர்டர் திரும்பி வந்திருக்கிறது. நம்மூரில் கதை அனுப்பினால் கனமான உறை வந்தால்தான் துக்கம், அங்கே நேர் எதிர்.

"மெலிசா வந்தா கோபம் வருமா?" என்று கேட்டேன்.

"யார் மேல கோபப்படறது? கையெழுத்து என்னோடதாச்சே" என்றார்.

அடுத்த கச்சேரிக்கு ஒலிக் கலவை மேசைக்கு இரண்டு வரிசை பின்னால், நடுவில் ஒரு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். முன்வரிசையில் பாதி விலைதான்.