நீலகிரியிலிருந்து ஹிஜாஸ் வரை: மாறுவேடத்தில் வந்த ஒரு பயணி

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒருமுறையேனும் நீலகிரி மலை ஏறிவிடுகின்றன. மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி, குன்னூரில் தேநீர் அருந்தி, ஊட்டி ஏரிக்கரையில் பிள்ளைகளோடு நடந்து திரும்புகிறோம். அதே பாதையில் 1847ஆம் ஆண்டு ஒரு வெள்ளைக்கார இராணுவ அதிகாரி வந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அவரே, ஒரு பட்டாணிய முஸ்லிமின் வேடத்தில், புனித மதீனாவிலும் மக்காவிலும் நின்றார். அவர் பெயர் ரிச்சர்ட் பர்ட்டன்.

1821இல் பிறந்த பர்ட்டன், 1842இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் சேர்ந்தவர். சிந்துப் பகுதியில் நில அளவைப் பணியில் இருந்தபோது உடல் நலிவு கண்டு மருத்துவ விடுப்பு பெற்றார். அக்காலத்தில் நலிந்த அதிகாரிகளை மலைக்குளிரில் தேற்றுவது வழக்கம். கடல்வழியே கோவா சென்று, அங்கிருந்து கள்ளிக்கோட்டை இறங்கி, பாலக்காடு, கோயம்புத்தூர், குன்னூர் வழியாக அவர் ஊட்டியை அடைந்தார்.

அவர் கண்ட நீலகிரி நாம் காணும் நீலகிரி அன்று. ஜான் சல்லிவன் உதகையில் குடியேற்றத்தைத் தொடங்கிக் கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. மலை ரயில் குன்னூரை எட்டியது 1899இல், ஊட்டியை எட்டியது 1908இல். இன்று மலைச்சரிவெங்கும் பச்சைக் கம்பளமாய்க் கிடக்கும் தேயிலைத் தோட்டங்களும் அப்போது இல்லை. சோதனை முயற்சியாக ஆங்காங்கே நட்ட செடிகளே இருந்தன. தோடர், படகர், கோத்தர், இருளர், குறும்பர் ஆகிய மக்களின் மலையாகவே அது இருந்தது.

அந்த மலை அவருக்குச் சலித்துப்போயிற்று. வெள்ளையர் விருந்துகளையும் வெட்டிப்பேச்சையும் கிண்டல் செய்தே எழுதினார். இப்பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1851இல் வெளிவந்தது. அதில் மலபார் முஸ்லிம்களைப் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. கூர்ந்து நோக்கும் கண்ணும், ஆளும் இனத்தானின் இளக்காரமும் அந்நூலில் கலந்தே இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கிய அதே ஆண்டு அக்டோபரில், பம்பாயில் நடந்த பார்சி மொழித் தேர்வில் முதலிடம் பெற்றார். உடல் நலிந்திருந்த காலத்திலும் மொழிப் படிப்பை அவர் விடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

1853 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து அவர் புறப்பட்டார். அரேபியாவின் உட்பகுதியைக் கடந்து வரைபடம் தயாரிப்பது நோக்கம். இலண்டன் அரச புவியியல் கழகம் துணை நின்றது. முதலில் பாரசீகராக நடித்தவர், கெய்ரோவில் பழக்கமான ஹாஜி வலீ என்பவரின் அறிவுரையால் அவ்வேடத்தைக் களைந்து, இந்தியாவில் வளர்ந்த பட்டாணிய மருத்துவர் 'ஷைகு அப்துல்லாஹ்' ஆனார். கெய்ரோவில் ரமளான் மாதத்தைக் கழித்தார். அங்கேயே ஓர் ஆசிரியரிடம் மார்க்கச் சட்டங்களைக் கற்றார். அவர் தேர்ந்துகொண்டது, நம் கடலோர ஊர்கள் பலவற்றில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபை.

சூயஸில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பர்ட்டனின் உடைமைகளிடையே கோணங்களை அளக்கும் கடற்கருவி ஒன்றை வழித்தோழர்கள் கண்டுவிட்டனர். மக்காவைச் சேர்ந்த முஹம்மது என்ற இளைஞர், "இவர் நம்மவர் அல்லர்" என்று ஐயம் எழுப்பினார். மற்றவர்களோ, இவருடைய மார்க்க அறிவைச் சுட்டிக்காட்டி, இவருக்காகப் பரிந்து பேசினர். ஒரு சகோதர முஸ்லிமைப் பற்றித் தவறாக எண்ணலாகாது என்ற பண்பே அன்று அவரைக் காத்தது. பர்ட்டன் கருவியை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

'சில்க் அத்தஹப்' என்ற அந்தப் பாய்க்கப்பலில் அறுபது பேருக்கே இடம்; ஏறியவர்களோ தொண்ணூறுக்கும் மேல். இடத்துக்காகக் கைகலப்பும் நடந்தது. பன்னிரண்டு நாட்கள் செங்கடலில் அலைந்து யன்புஉ துறையை அடைந்தனர். வழியில் கரையிறங்கிய இடத்தில் காலில் ஏதோ தைத்துப் புண்ணாகி, நடக்க இயலாமல் ஒட்டகப் பல்லக்கில் சென்றார். மதீனா செல்லும் மலைக்கணவாயில் கொள்ளையர் சுட்டதில் கூட்டத்தில் பலர் உயிரிழந்தனர். 1853 ஜூலை 25 அன்று மதீனா வந்து சேர்ந்தார். வழித்தோழரான ஹாமித் என்பவர் தம் வீட்டிலேயே அவரைத் தங்கவைத்து உபசரித்தார்.

ஆகஸ்ட் 31 அன்று திமிஷ்கிலிருந்து வந்த ஹஜ் கூட்டத்தோடு மக்கா நோக்கிக் கிளம்பினார். அவர் மதிப்பில் அக்கூட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையாரின் பெயரோடு வழங்கும் கிழக்குப் பாலைவழி அது. வெயிலுக்கு அஞ்சி இரவெல்லாம் நடை, தண்ணீருக்குத் தவிப்பு, வழியெல்லாம் செத்து விழுந்த ஒட்டகங்கள். செப்டம்பர் 11 அன்று மக்காவை அடைந்தனர்.

மக்காவுக்குள் புகுந்த முதல் ஐரோப்பியர் அவர் அல்லர். 1503இல் வார்த்தமாவும் 1814இல் பர்க்ஹார்ட்டும் அவருக்கு முன்பே சென்றவர்கள். ஆயினும் அவர் எழுதிய பயண நூலே உலகப் புகழ் பெற்றது. அதில் ஓரிடத்தில் அவர் செய்யும் ஒப்புதல் நம்மை நிறுத்தி வைக்கிறது. கஃபாவை முதன்முதலாகக் கண்டபோது, சூழ நின்றோர் திரையைப் பற்றிக்கொண்டு அழுதார்கள். தமக்கும் நெஞ்சம் பொங்கியதுதான், ஆனால் அவர்களுடையது பக்தியின் பொங்குதல், தம்முடையதோ எண்ணியதைச் சாதித்துவிட்ட பெருமிதத்தின் பொங்குதல் என்று அவரே எழுதுகிறார்.

இந்த நேர்மையை நாம் மதிக்கலாம். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்களை மறந்துவிடலாகாது. சூயஸில் ஐயம் எழுப்பிய அதே முஹம்மது, ஜித்தாவில் உண்மையை ஊகித்தறிந்து, "நம்மை ஏமாற்றிச் சிரித்துவிட்டார்" என்ற மனக்கசப்போடு பிரிந்து போனார். இதையும் பர்ட்டனே பதிவு செய்திருக்கிறார். வீட்டைத் திறந்துவிட்ட ஹாமிதும், பரிந்து பேசிய தோழர்களும் அந்நூலின் பக்கங்களில் வேடிக்கை மனிதர்களாகவே பல இடங்களில் வருகிறார்கள். உபசரித்தவர்கள் ஏமாந்தார்கள் என்று உலகம் சிரித்திருக்கலாம். விருந்தாளியின் உள்ளத்தைப் பிளந்து பார்க்க நமக்குக் கட்டளை இல்லை. வாசலில் ஸலாம் சொன்னவரை வரவேற்பதே கட்டளை. அவர்கள் தம் கடமையைச் செய்தார்கள்.

அந்த ஒப்புதல் நம்மை நோக்கியும் ஒரு கேள்வியைத் திருப்புகிறது. 1995 வரை நம் பெரியவர்கள் பம்பாயிலிருந்து கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். இன்று சில மணி நேரத்தில் விமானம் நம்மை ஜித்தாவில் இறக்கிவிடுகிறது. கொள்ளையர் இல்லை, தாகமில்லை, வேடமிட வேண்டிய தேவையும் நமக்கில்லை. ஆனால் கஃபாவைக் கண்ட கணத்தில் கை முதலில் கைப்பேசியைத் தேடுகிறதென்றால், படமெடுத்து உறவினர்க்கு அனுப்பிய பிறகே துஆ நினைவுக்கு வருகிறதென்றால், நம் நெஞ்சில் பொங்குவது எது? செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று மதரஸாவில் நாம் முதலில் படித்த பாடம், பயணங்களுக்கும் சேர்த்துத்தான்.

பர்ட்டன் 1890இல் இறந்தார். இலண்டன் அருகே மார்ட்லேக்கில் உள்ள அவருடைய கல்லறை, பாலைவனக் கூடாரத்தின் வடிவில் கல்லால் கட்டப்பட்டது. அடுத்த முறை குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போது, இவ்வழியே சென்று அவ்வளவு தூரம் போன அந்த மனிதரின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். மொழிகளைக் கற்ற அவருடைய விடாமுயற்சியையும் சொல்லுவோம். ஐயத்துக்கிடையிலும் அவரை அரவணைத்த ஹிஜாஸ் மக்களின் பெருந்தன்மையையும் சொல்லுவோம். தூய நிய்யத்தோடு அந்த இல்லத்தைக் காணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.