கண்டிப் பீரங்கியும் கரையோர உப்பும்

கொழும்பு நூதனசாலைக்குப் போகிறவர்கள் கண்டிப் பீரங்கியைப் பாருங்கள். 1765இல் ஒல்லாந்தர் நம் ஊரில் கொள்ளையிட்டது, 2023 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. பொன், வெள்ளி, சிவப்புக் கல் பதித்த வெண்கலம். லேவ்கே திசாவை அரசனுக்குக் கொடுத்த பரிசு, அலங்காரத்துக்குச் செய்தது.

மலையில் சண்டை பிடித்தது வேறு: கொடித்துவக்கு. மரக்கால்களில் நிற்கும் சின்னப் பீரங்கி, ஆட்களே தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். (அந்தப் பெயரில் சிங்களக் குடும்பங்கள் இன்றும் உண்டு.)

ஒல்லாந்தர் கண்டி நகரைப் பிடித்தார்கள்தான். ஆனால் நோயும், சாமான் ஏற்ற முடியாத மலைப்பாதையும் சில மாதங்களிலேயே அவர்களை இறக்கிவிட்டன. கம்பனிக்குப் பெருஞ்செலவு. அதற்காகக் கண்டி வென்றது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட முடியாது. 1766 ஒப்பந்தத்தில் கரையோரம் முழுவதும் கம்பனிக்குப் போனது. தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிவந்த நம் முன்னோருக்கு இனி ஒவ்வொரு மூட்டையும் ஒல்லாந்தரின் கரையிலிருந்துதான்.

பீரங்கி வந்த அதே 2023இன் ஜனவரியில், 200,783 என்றிருந்த இராணுவ ஆள்பலத்தை 2030க்குள் ஒரு இலட்சமாக்கப் போவதாக அரசு அறிவித்தது. முந்தின வருடம்தான் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றோம். ஆளைக் குறைத்து, தொழில்நுட்பம் தெரிந்த படையாக்குவது திட்டம். குறைப்பது சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் ட்ரோன் வாங்கினால் உதிரிப்பாகம், பற்றரி, மென்பொருள் எல்லாவற்றுக்கும் டொலர் வேண்டும். விற்றவன் நிறுத்தினால், கண்டிக்கு உப்பு நின்ற கதைதான்.